இடக்கண்ணில் லென்ஸ் இல்லை, வலக்கண்ணில் செயற்கை லென்ஸ்: எந்தக் குறியீடுகளை எழுதுவது?

கோத்தகிரி_கோடர்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கண் மருத்துவச் சார்ட்டுகளுக்கு ஐசிடி-10-சிஎம் (நோய்களையும் உடல்நிலைகளையும் குறிக்கும் அமெரிக்கத் தொகுதி) குறியீடு எழுதும் வேலையில் எட்டு மாதமாக இருக்கிறேன். ஆடிட்டிலிருந்து நேற்றுத் திரும்பி வந்த ஒரு சார்ட் என்னைத் தூங்க விடவில்லை.

முதியவர் ஒருவருக்கு இரு கண்களிலும் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. வலக்கண்ணில் செயற்கை லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இடக்கண்ணில் லென்ஸைத் தாங்க வேண்டிய பின்புறச் சவ்வு அறுவையின்போதே கிழிந்துவிட்டதால், எதுவும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். மருத்துவர் தம் மதிப்பீட்டில் ‘இடக்கண் அஃபேக்கியா, வலக்கண் சூடோஃபேக்கியா, அனைசோமெட்ரோப்பியா’ என்று எழுதியிருக்கிறார்; அதாவது இடக்கண்ணில் லென்ஸ் இல்லை, வலக்கண்ணில் செயற்கை லென்ஸ், இரு கண்களின் பவரும் வேறுபடுகிறது. இடக்கண்ணில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்று நோயாளி சொன்னதும் குறிப்பில் இருக்கிறது.

நான் எச் 27.02, இசட் 98.42, இசட் 98.41, இசட் 96.1, எச் 52.31 (அனைசோமெட்ரோப்பியா), எச் 52.32 (அனைசிகோனியா) ஆகிய ஆறையும் கொடுத்தேன். ‘இரண்டு தவறு’ என்று மட்டும் எழுதித் திருப்பியிருக்கிறார்கள். எவை என்று சொல்லவில்லை. மென்பொருளோ எச் 27.02-உடன் இசட் 96.1 வரக் கூடாது என்று எச்சரிக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_பழையவர்:

சகோதரி, இந்தச் சார்ட்டை ஒரு நோயாளியாகப் பார்க்காமல் இரண்டு கண்களாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் இடக்கண். எச் 27.0 என்பதன் பொருளே, பிறக்கும்போது இருந்த லென்ஸ் பின்னாளில் இல்லாமல் போன கண் என்பதுதான். அறுவையால் போனாலும் அடிபட்டுப் போனாலும் அதற்குள் அடங்கிவிடும். இசட் 98.4 கண்புரை எடுக்கப்பட்டது என்ற நிலையை மட்டும் சொல்கிறது. ஒரே கண்ணுக்கு இரண்டையும் எழுதக் கூடாது என்பதால்தான் எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்று குறிப்பு (‘இவற்றைச் சேர்த்து எழுதாதே’ என்ற விலக்கு) இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே இசட் 98.42 போக வேண்டும், எச் 27.02 மட்டும் நிற்கட்டும்.

வலக்கண்ணுக்கு இசட் 98.41 சரி. செயற்கை லென்ஸ் இருந்தால் இசட் 96.1-ஐயும் சேர்த்து எழுது என்று அந்த இடத்திலேயே அறிவுறுத்தல் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இசட் 96.1-இல் வலம், இடம் என்ற பிரிவே கிடையாது. எச் 27-இன் கீழ் சூடோஃபேக்கியா விலக்கப்பட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டு மென்பொருள் எச்சரிக்கிறது; எந்தக் கண் என்று அதற்குத் தெரிய வழியில்லை. 2015 அக்டோபர் 1-க்கு முன், முந்தைய தொகுதியான ஐசிடி-9-இல் 379.31 என்று எழுதிய காலத்தில் அஃபேக்கியாவுக்கே கண் பிரிவு இருந்ததில்லை. அந்தக் குறை இன்று இசட் 96.1-இல் மிச்சமிருக்கிறது.

இரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால் எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்று தடுக்காது என்று வழிகாட்டு விதிகளே விதிவிலக்குத் தருகின்றன. ஒரு கண்ணில் லென்ஸ் இல்லாததும் மறுகண்ணில் செயற்கை லென்ஸ் இருப்பதும் அப்படிப்பட்டவை என்பதே என் உறுதியான கருத்து. மருத்துவர் கண்களைத் தனித்தனியாகக் குறித்திருப்பதால் உங்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. அது தெளிவாக இல்லாத சார்ட் என்றால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பாமல் எழுதாதீர்கள்.

எச் 52.32-ஐயும் எடுத்துவிடுங்கள். அது குறிக்கும் அனைசிகோனியா (இரு கண்களுக்கும் உருவம் வெவ்வேறு அளவில் தெரிவது) என்ற சொல் மதிப்பீட்டில் இல்லை. நோயாளி சொன்ன அறிகுறியிலிருந்து நோயின் பெயரை நாம் உருவாக்கக் கூடாது.

உதகை_கண்பரிசோதகர்:

குறியீடு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நோயாளி சொன்னதை எடுத்துச் சொல்லத் தோன்றுகிறது. லென்ஸ் இல்லாத கண்ணுக்குச் சுமார் +10 டயாப்டர் அளவில் கண்ணாடி தேவைப்படும். அதன் வழியே உருவம் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தெரியும். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் அந்த வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இல்லாதவருக்கு மூளை இரு உருவங்களையும் சேர்க்கத் திணறுவதால், கண்ணாடி கொடுத்தும் பயனில்லாமல் போகும்.

செயற்கை லென்ஸ் பரவலாகாத நாட்களில் கண் முகாமில் அறுவை செய்துகொண்ட என் பாட்டி, இரு கண்ணுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். டம்ளர் உண்மையில் இருப்பதைவிட அருகில் தெரிந்ததால் தேநீரை அதற்கு முன்னாலேயே ஊற்றிவிடுவார். பிறகு இடக்கை விரலால் டம்ளரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றப் பழகிக்கொண்டார். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி வளையம் போல ஒரு பகுதி தெரியாது என்பதால், தேயிலைத் தோட்டப் படிகளில் எதிரே வருபவர் திடீரென்று முளைத்தாற்போல் தோன்றித் திடுக்கிடுவார்.

கொடைக்கானல்_ஆடிட்:

பழையவர் சொன்னதை ஏற்கிறேன். அருகிலேயே தவறு நடக்கும் சில இடங்களையும் சொல்கிறேன். பிறவியிலேயே லென்ஸ் இல்லையென்றால் கியூ 12.3. இயற்கை லென்ஸ் இருந்தும் இடம் பெயர்ந்திருந்தால் எச் 27.1. வைத்த செயற்கை லென்ஸ் நழுவியிருந்தால் அது டி (T) 85.22, அதை எச் 27-க்குள் கொண்டுவரவே கூடாது. பார்வையிழப்புக்கான எச் 54-ஐ எழுதும்போது பார்வை போனதற்கான மூலக் காரணத்தை முதலில் வைக்க வேண்டும்.

கோத்தகிரி_கோடர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இசட் 98.42, எச் 52.32 இரண்டையும் எடுத்துவிட்டு, மருத்துவர் வலக்கண், இடக்கண் என்று பிரித்து எழுதிய வரியைச் சுட்டி இசட் 96.1-க்கு ரீபட்டல் (ஆடிட்டுக்கு மறுப்பு விளக்கம்) அனுப்பினேன். ஆடிட்டர் குறித்திருந்த இரண்டும் அவைதான் என்று பதில் வந்தது; இசட் 96.1-ஐ அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.