தேக்கு மேசை பிளந்தது என் தப்பா? பட்டறையிலேயே இருக்கிறதா, படிக்கப் போறதா?

திங்கான்ஜுன் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கோயில் பள்ளிக்கூடத்துல படிச்ச தமிழ், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்கு வயசு 20. ரங்கூன்ல ஒரு மேசை நாற்காலி பட்டறையில சேந்து எட்டு மாசம் ஆகுது. தாத்தா ஆசாரி, தட்டோன் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரம் செஞ்சவர். அப்பாவுக்கு அந்த வேலை ஒத்துவரல, டீக்கடை போட்டுட்டாரு. தாத்தாவோட இழைப்புளி ஒண்ணும் உளி மூணும் ஒரு கோணிப்பையில சுத்தி எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில கிடந்துச்சு. அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்துச்சு.

எட்டு மாசத்துல என் கைக்கு வந்தது உப்புத்தாள்தான். காலையில முரடான 80ஆம் நம்பர் தாள், மத்தியானம் 120, சாயங்காலம் நைசான 240. மிச்ச நேரம் பசை தடவுறது, கிளாம்ப் முறுக்குறது, டீ வாங்கியாறது. அளவு போடுறது, கோடு இழுக்குறது எல்லாம் சயா, அதாவது எனக்கு மேல இருக்கிற பெரிய ஆசாரி, மட்டும்தான். அவரு 'மூ' கணக்குல சொல்வாரு, எங்க தாத்தா 'நூல்'னு சொல்லிக் கேட்டிருக்கேன். ரெண்டுமே அங்குலத்துல எட்டுல ஒண்ணுதான்னு யாரும் சொல்லித் தரல, டேப்பைப் பாத்து நானே கண்டுபிடிச்சேன்.

இப்ப விஷயம். போன ஆகஸ்ட்ல ஒரு ஆபீசுக்கு ஆறடி நீளம், 36 அங்குல அகலத்துல தேக்கு மேசை செஞ்சோம். அஞ்சு பலகையை ஒட்டி, ரெண்டு முனையிலும் அடியில குறுக்குச் சட்டம் வச்சு பசையும் போட்டு ஸ்க்ரூவும் முடுக்கினோம். பசை தடவினது நான். ஜனவரியில ஆபீஸ்காரங்க போன் பண்ணாங்க. ஒரு முனையிலேருந்து ரெண்டடிக்குப் பிளந்துபோச்சு. சயா முதலாளிகிட்ட "பையன் பசை சரியா போடல"ன்னு சொல்லிட்டாரு. சம்பளத்துல பிடிச்சாங்க. ஆனா போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா, பிளவு பசை போட்ட மூட்டுல இல்ல. ஒரு பலகையோட நடுவுல ஓடுது. நான் கேட்டதுக்கு, "பர்மாத் தேக்கு மரத்துல நிக்கும்போதே மூணு வருஷம் காயுது, அது அசையாது, நீதான் காரணம்"ன்னு வாயை அடைச்சுட்டாரு.

என் தப்பா? இங்கேயே இருந்து கத்துக்கலாமா, ஏதாவது பயிற்சிக்குச் சேரலாமா? மாமா மலேசியா வரச் சொல்றாரு.

மூவார்வாசி:

மாமா சொல்ற இடம் மூவாரா இருந்தா ஒரு வார்த்தை. மேசை நாற்காலி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர்தான். நாலு வருஷமா இருக்கேன். கொஞ்சம் காசு வீட்டுக்கு அனுப்ப முடியுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாலு வருஷமா நான் செய்யறது ரப்பர் மரத்து நாற்காலிக் கால்ல ஓட்டை போடறது மட்டும். ஒரே எந்திரம், ஒரே ஓட்டை. முழு நாற்காலி ஒண்ணைத் தனியா செய்யச் சொன்னா முழிப்பேன். காசு வேணும்னா வா. தொழில் வேணும்னா யோசி.

பெகு ஆசாரி:

தம்பி, முதல்ல சம்பளத்துல பிடிச்சதை மறந்துடு. மூட்டு பிடிச்சு நின்னு மரம் பிளந்திருக்குன்னா உன் பசை மரத்தைவிட பலமா ஒட்டியிருக்குன்னு அர்த்தம். தேக்குல எண்ணெய் இருக்கறதால அதுல பசை பிடிக்கவைக்கிறது லேசுப்பட்டதில்ல. அடுத்த தடவை ஒட்டறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி விளிம்பைப் புதுசா இழைச்சு, தின்னர் துணியால துடைச்சிட்டுத் தடவு. இன்னும் நல்லா பிடிக்கும்.

உங்க சயா சொன்ன மூணு வருஷக் கதை பாதி உண்மை. காட்டுல தேக்கை வெட்டறதுக்கு மூணு வருஷம் முந்தியே அடிமரத்துல பட்டையையும் அதுக்கு உள்ள இருக்கிற வெள்ளை மரத்தையும் சுத்தி வளையமா வெட்டிவிடுவாங்க. மரம் நின்னபடியே செத்துக் காயும். ஆனா அது எதுக்கு? பச்சைத் தேக்கு தண்ணியில முங்கும், காய்ஞ்சது மிதக்கும். ஐராவதியில தெப்பமாக் கட்டி ரங்கூனுக்கு ஓட்டிவரணுமே, அதுக்காகச் செஞ்ச ஏற்பாடு. ஏ.சி. ரூம் மேசைக்கு அந்த அளவு காய்ஞ்சது காணாது. அறுத்த பலகையை நடுநடுவே சின்னக் கட்டை வச்சு, காத்து புகுற மாதிரி நிழல்ல அடுக்கணும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம்னு எங்க அப்பா கணக்கு சொல்வாரு. சூளையில காய வச்சா வாரக் கணக்குல முடியும்.

நீங்க செஞ்சது ஆகஸ்ட்ல. நம்ம ஊர் அடைமழையில பலகை ஈரத்தைக் குடிச்சு உப்பியிருக்கும். அதை ஏ.சி. போட்ட ரூம்ல வச்சிருக்காங்க, மேல பனிக்கால வறட்சி வேற. தேக்கு மத்த மரத்தைவிடக் குறைவா சுருங்கும், ஆனா சுருங்காம இருக்காது. மொத்தப் பச்சையிலேருந்து முழுசாக் காயறதுக்குள்ள அகல வாக்குல நூத்துக்கு 5, 6 பங்கு குறையும். நீள வாக்குல ஒண்ணும் ஆகாது. உன் 36 அங்குலத்துக்கு அந்த அஞ்சு மாசத்துல கால் அங்குலம் போயிருக்கும்னு நினைக்கிறேன். பலகை சுருங்கப் பாக்குது, குறுக்குச் சட்டத்தோட நார் அதோட நீளத்துக்கு ஓடறதால அது சுருங்காது. ஒட்டி, ஸ்க்ரூவும் முடுக்கியாச்சு. பாவம், எங்க போகும்? பலவீனமான இடத்துல கிழிஞ்சுடுச்சு.

சட்டத்துல பசையே போடக் கூடாது. நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கணும். மத்த ஓட்டையெல்லாம் அகல வாக்குல நீட்டமா இருக்கணும், ஸ்க்ரூ அதுக்குள்ள அசையணும். இதை எனக்கு மூணாவது வருஷத்துலதான் காட்டினாங்க, அதுவும் ஒரு பீரோ கதவு என்னால வீணான பிறகு. அதனால உங்க சயாவுக்குத் தெரியலன்னு சொல்ல மாட்டேன். முதலாளி முன்னாடி ஒத்துக்க முடியல, அவ்வளவுதான்.

இருக்கிறதா போறதான்னு கேட்டா, தாத்தா உளியை எடுத்துட்டுப் போ. கரண்ட் போய் எந்திரமெல்லாம் நிக்கிற நேரத்துல சயா கைவேலை செய்வாரு, பக்கத்துல உக்காந்து தீட்டு. துளையும், அதுக்குள்ள போய் உக்கார்ற கழுந்தும் கழிவுக்கட்டையில வெட்டிப் பழகு. ஆறு மாசத்துக்கப்புறமும் அளவு போடற மூலைமட்டத்தை உன் கையில தரலன்னா வேற பட்டறை பார்.

தாம்வே அக்கா:

ஆசாரி ஐயா சொன்னதுக்கு மேல மரத்தைப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல. நான் பாலிஷ் வேலை, ஒன்பது வருஷம்.

பயிற்சி கேட்டீங்களே தம்பி. ரங்கூன்லயே சுவிஸ்காரங்க 2002ல ஆரம்பிச்ச சி.வி.டி.ங்கிற தொழிற்பயிற்சி மையம் இருக்கு. அலமாரி, மேசை செய்யற தச்சு வேலை அங்க ஒரு பிரிவு. மூணு வருஷம், பட்டறையில வேலை செஞ்சுக்கிட்டே வாரத்துல ஒரு நாள் வகுப்புங்கிற முறை. சேர்க்கை எப்பன்னு நேர்ல போய் கேட்டுக்குங்க. இதுல ஒரு நல்லது, வரைபடம் போடக் கத்துத்தருவாங்க. பட்டறையில யாரும் அதைச் சொல்லித்தர மாட்டாங்க, அவங்களுக்கே வராது. எங்க ஃபேக்டரியில வரைபடம் படிக்கத் தெரிஞ்ச பையன் ரெண்டு வருஷத்துல மேஸ்திரி ஆயிட்டான். அவனைவிட அழகா இழைக்கிற பெரியவர் இன்னும் அதே இடத்துல நிக்கிறாரு. எனக்கு அது வருத்தம்தான், ஆனா நடக்கறதைச் சொல்றேன்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. எட்டு மாசம் உப்புத்தாள் போட்டிருக்கீங்க, மூக்குல என்ன கட்டியிருந்தீங்க? கைக்குட்டையா? தேக்குத் தூள் பட்டாலே சிலருக்குத் தோல் அரிச்சுத் தடிக்கும், மூச்சு இழுக்கும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே பட்டியல்ல போட்டுருச்சு, மூக்குக்குள்ள வர்றது. ஆஸ்பத்திரியில போடற துணி மாஸ்க் பத்தாது. முகத்துல ஒட்டி நிக்கிற என்95 வாங்குங்க. முதலாளி சிரிப்பாரு. சிரிக்கட்டும்.

திங்கான்ஜுன் பையன்:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. அக்கா, கைக்குட்டைதான். நேத்தே மாஸ்க் வாங்கிட்டேன். சொன்ன மாதிரியே சிரிச்சாங்க.

மேசையைத் திருப்பி எடுத்துட்டு வர என்னைத்தான் அனுப்பினாங்க. போனதும் டேப் வச்சுப் பாத்தேன். முனையில சட்டம் இருக்கிற இடத்துல 36 அங்குலம் அப்படியே இருக்கு. நடுவுல 35 அங்குலம் 6 நூல். ஐயா சொன்ன அதே கால் அங்குலம். அடியில 12 ஸ்க்ரூ, எல்லாம் வட்ட ஓட்டை, ஒண்ணுகூட அசையல. பட்டறைக்கு வந்து சயாகிட்ட அளவை மட்டும் சொன்னேன், வேற ஒண்ணும் பேசல. அவரு டேப்பை வாங்கி ரெண்டு இடத்துலயும் வச்சுப் பாத்துட்டு, "சட்டத்தைக் கழட்டு"ன்னாரு. பிடிச்ச காசைப் பத்திப் பேச்சே இல்ல.

சி.வி.டி.க்கு அடுத்த வாரம் போய் கேக்கறேன். ஐயா, தாத்தா உளி மூணும் துருப்பிடிச்சுக் கிடக்கு. எந்தக் கல்லுல தீட்டறது?

பெகு ஆசாரி:

ஒரு பக்கம் முரடு, ஒரு பக்கம் நைசு இருக்கிற எண்ணெய்க்கல் ஒண்ணு போதும், கடையில கிடைக்கும். முதல்ல உளியோட முதுகை, அதாவது தட்டைப் பக்கத்தை, நுனியிலேருந்து ஒரு அங்குலத்துக்குக் கண்ணாடி மாதிரி தேய். எல்லாரும் அதை விட்டுட்டுச் சரிவைத் தீட்டுவாங்க, அப்புறம் உளி சரியில்லம்பாங்க. சரிவு 25 டிகிரி, நுனியில மட்டும் 30. தேக்குல மணல் மாதிரி சத்து இருக்கு, முனை சீக்கிரம் மழுங்கும், அதனால அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். துரு தடிப்பா இருந்தா ராத்திரி பூரா மண்ணெண்ணெயில ஊறப்போடு. பிடி ஆடினா மாத்திடாதே, தாத்தா கை பட்டது. கழட்டி ஒரு துணிச் சுத்து சுத்தி அடிச்சு ஏத்து.