புதுப்பிப்பு: கேச் அடுக்கில் செத்த எஸ்எஸ்டி

கிருஷ்ணகிரியில் எங்கள் செஃப் (Ceph: பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருள்) கிளஸ்டரில், ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மேலே வேகத்துக்காக வைத்த கேச் அடுக்கின் எஸ்எஸ்டி ஒன்று செத்துவிட்டது, கேச்சையே உடனே கழற்றிவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பொறுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. எங்கள் கேச் ஓடிய ரைட்பேக் முறையில், புதிதாக எழுதியது கீழே ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இறங்கும்வரை கேச்சில் மட்டும்தான் இருக்கும். எங்களிடம் அதற்கு இருந்தது இரண்டே நகல், அதில் ஒன்று போய்விட்டது. இரவு முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்தது.

எஸ்எஸ்டி செத்து 600 விநாடி கழித்து செஃப் தானே அதை விலக்கிவைத்து, மற்ற எஸ்எஸ்டிகளில் நகல் எடுக்கத் தொடங்கியது. அது முடியும்வரை எதையும் தொடவில்லை. அப்புறம் ப்ராக்ஸி முறைக்கு (கேச்சில் இல்லாததை அங்கே புதிதாகச் சேர்க்காமல் நேரே கீழே அனுப்பும் முறை) மாற்றி, எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, கேச்சைக் கழற்றினோம். ஒன்றும் தொலையவில்லை.

ஓசூரிலிருந்து புது எஸ்எஸ்டி வந்துவிட்டது. ஆனால் மறுபடி கேச் அடுக்கு வேண்டாம். 2023-இல் வந்த செஃப்பின் ரீஃப் பதிப்பிலேயே அந்த அடுக்கு வசதியைக் கைவிடப்போவதாக செஃப்பை உருவாக்குபவர்கள் சொல்லிவிட்டார்கள்.