812 கட்டுரைகளில் என் மகளின் உழைப்பை எப்படிக் காட்டுவது?

தேவகோட்டை கணக்கு வாத்தியார்:
வணக்கம். நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். என் மகள் பதினைந்து வருஷமாக, ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ் சோதனைக்குக் கணினிப் பக்கம் வேலை பார்க்கிறாள். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் கணினி மையங்களுக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது, தரவுகளைக் கொண்டு சேர்ப்பது, இதுதான் அவள் துறை. ஊர்ப்பக்கம் வந்துவிடலாம் என்று ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில், "812 கட்டுரையா? இதில் நீங்கள் எழுதியது எத்தனை?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்களாம். போனில் சொல்லும்போதே அவளுக்குக் குரல் கம்மிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவள் பட்டியலிலிருந்து ஒரு கட்டுரையை அச்செடுத்தேன். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி அட்லஸும், செர்னின் இன்னொரு சோதனையான சிஎம்எஸ்ஸும் சேர்ந்து 2015-இல் வெளியிட்டது. மொத்தம் 33 பக்கம். விஷயம் 9 பக்கத்தில் முடிகிறது, மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும்தான். 5,154 பேர்! அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கி மகள் பெயரைக் கண்டுபிடித்தேன். அதன் கீழே பென்சிலால் கோடும் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அவள் என்ன செய்தாள் என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் கிரிட்காரன்:
சார், அந்த 812-ஐக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். அட்லஸில் ஓராண்டு தகுதிப் பணி முடித்தவர்களுக்குத்தான் ஆசிரியர் பட்டியலில் இடம். அப்புறம் வரும் இயற்பியல் கட்டுரைகளில் எல்லோர் பெயரும் அகரவரிசையில் சேர்ந்தே வரும். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் சேர்ந்துதான் அந்தத் தரவைக் கையாளுகின்றன. நடுராத்திரி ஒரு மையத்தில் டிஸ்க் படுத்துவிட்டால், அங்கே நிற்கும் வேலைகளை இன்னொரு மையத்துக்குத் திருப்பிவிட ஆள் வேண்டும். நானும் சில வருஷம் அந்த வேலை பார்த்தவன். அந்தப் பெயர் சும்மா வந்தது என்று யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூன் வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். ஐந்தொகை (கடையின் இருப்புநிலைக் கணக்கு) முதலாளியின் விலாசத்தில்தான், அதாவது கடைப் பெயரில்தான், ஊருக்கு வரும். பேரேட்டைப் பிரித்தால் எந்தப் பக்கம் யார் கையெழுத்து என்று தெரிந்துவிடும். இந்தத் துறைக்குப் பேரேடு செப் (CHEP) என்ற, துகள் இயற்பியலுக்கான கணினிப் பணி பற்றிய மாநாட்டின் கட்டுரைகள். 1985-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய மாநாடு அது, 2006-இல் மும்பையிலும் நடந்தது. செய்தவர்கள் நாலைந்து பேர் பெயரோடு, எதைக் கட்டினோம், எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதுவார்கள். 'மாநாட்டுக் கட்டுரை' என்றாலே இரண்டாம் தரம் என்று நம்மூர்க் குழுக்கள் ஒதுக்குவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வேலைக்கென்றே 2017-இல் 'கம்ப்யூட்டிங் அண்ட் சாஃப்ட்வேர் ஃபார் பிக் சயன்ஸ்' என்ற ஆய்விதழும் வந்துவிட்டது. அட்லஸின் தரவுகளை நிர்வகிக்கும் ரூசியோ மென்பொருளைப் பற்றிய கட்டுரை 2019-இல் அதில்தான் வந்தது.

துகள் இயற்பியல் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் இன்ஸ்பையர் இணையதளத்தில் மகளின் பக்கத்தைத் திறந்து, பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் எழுதியவை மட்டும் என்று வடிகட்டச் சொல்லுங்கள்.

காரைக்குடி நூலகர்:
சார், இனிஷியலையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், கட்டுரையில் இனிஷியல் முன்னால், சிலதில் இனிஷியலே இருக்காது. தளம் இதை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். நம் பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான் கட்டுரைகள் விட்டுப்போகின்றன. ஆர்கிட் என்ற 16 இலக்க எண் வாங்கி எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டால் தொல்லை தீரும்.

தேவகோட்டை கணக்கு வாத்தியார்:
இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி மகளும் நானும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். வடிகட்டியதும் 19 வந்தது. என் பெயரை இனிஷியலாகப் போட்ட இரண்டு தனியே கிடந்தன, ஆக 21. ஏழில் அவள் பெயர்தான் முதலில். ஒவ்வொன்றின் கீழும் தன் பங்கை இரண்டு வரியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒன்றை வாசித்துக் காட்டினாள்: எந்தக் கோப்புக்கு எத்தனை பிரதி, எந்த மையத்தில், எத்தனை நாள் என்று முடிவு செய்யும் நிரலாம். எனக்கே புரிந்தது.

கிரிட்காரத் தம்பி, உங்கள் ஐயாவின் பேரேடு இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒரு பக்கம் படம் எடுத்துப் போடுங்கள். நடப்பு வட்டி போட்ட முறையைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.