ஓடும் வாகனத்தில் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி?

கேள்வி – ஒட்டுசுட்டானிலிருந்து

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் கொள்கலனில் அனுப்பிய பொருள்களோடு, அவருடைய பழைய பயண வண்டியில் இருந்த சிறிய குளிர்பெட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது. எரிவாயு, 12 வோல்ற் பற்றரி, 230 வோல்ற் வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் இயங்கும் வகை அது. பற்றரியில் 120 வாற் எடுக்கும் எனப் பின்புறத் தகட்டில் உள்ளது. விடுமுறைக்கு அதை வானின் பின்பகுதியில் பொருத்தி, மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறிக் கண்டிக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணியுள்ளோம். அம்மாவின் இன்சுலினும் பிள்ளையின் பாலும் அதில் இருக்கும். சிலிண்டரை உள்ளே வைத்து எரிவாயுவிலேயே ஓட்டலாம் என்கிறார் சாரதி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பற்றரியில் இணைப்பதாயின் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் – கிளிநொச்சி, வாகன மின்வேலை செய்பவர்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. ஓடும் வாகனத்துக்குள் சுடர் எரியக் கூடாது. எரிபொருள் நிரப்பு நிலையத்தில் பெற்றோல் ஆவி பரவியிருக்கும் இடத்துக்கு அந்தச் சுடரோடு போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது என்பதால், குலுக்கத்தில் குழாய் கழன்றால் அது வெளியேறாமல் வானின் தரையில், பிள்ளைகளின் காலடியில் தேங்கி நிற்கும். சிலிண்டரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

120 வாற் என்றால் ஏறத்தாழ 10 அம்பியர், அதுவும் இடைவிடாமல். உங்களுடையது கொம்பிரசர் வகையன்று. உள்ளே ஒரு வெப்பமூட்டிதான் வேலை செய்கிறது; அதன் வெப்பமே குளிரூட்டும் திரவத்தைக் குழாய்களில் ஓடவைக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் மறந்திருந்தால் 20 அம்பியர்-மணி போய்விடும். சற்றுப் பழைய பற்றரியாக இருந்தால் அதன்பின் வான் ஸ்ரார்ற் ஆகாமலும் போகலாம். ஆகவே பற்றரிக்கும் பெட்டிக்கும் இடையில் மின்னழுத்தம் அறிந்து இயங்கும் ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். டைனமோ சார்ஜ் செய்யத் தொடங்கி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறும்போது அது இணைக்கும். இயந்திரம் நின்று 12.8 அளவுக்கு இறங்கும்போது துண்டிக்கும்.

வயரில்தான் பலர் தவறு விடுகிறார்கள். பெட்டி பற்றரியிலிருந்து 6 மீற்றர் தள்ளியிருந்தால் போக வர 12 மீற்றர் வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 10 அம்பியர் ஓடினால் 0.84 வோல்ற் வழியிலேயே இழக்கப்படும். வெப்பமூட்டியின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், அந்தச் சிறிய இழப்பே ஏறத்தாழ 14 சதவீத வலுவைத் தின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ற் மட்டுமே. சிகரெற் லைற்றர் துளையில் செருகி இதை ஓட்ட வேண்டாம். அது தொடர்ச்சியான 10 அம்பியரில் சூடேறி உருகக்கூடியது.

பதில் – புதுக்குடியிருப்பிலிருந்து

பியூஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எனது வானில் அதைக் குளிர்பெட்டிக்கு அருகில் பொருத்தியிருந்தார்கள். இருக்கைக்குக் கீழே தகட்டில் உராய்ந்து வயர் தோல் உரிந்தபோது பியூஸ் எரியவேயில்லை. வயர்தான் புகைந்தது, ஏனெனில் பழுது பியூசுக்கு முன்னால், பற்றரிப் பக்கத்தில் இருந்தது. 15 அம்பியர் பியூசைப் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் இறப்பர் வளையமும் போடுங்கள்.

பதில் – நெடுங்கேணி, தாதிய உத்தியோகத்தர்

இன்சுலினுக்காக இந்தப் பெட்டியை நம்பியிருக்க வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இவ்வகைப் பெட்டியின் குளிர்ச்சி வெளிவெப்பத்தைப் பொறுத்தது என்பதால், நண்பகல் வெயிலில் நிற்கும் வானுக்குள் அந்த அளவைக் காப்பது கடினம். பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலான வகைகளில் 30 பாகைக்குக் கீழே நான்கு வாரம்வரை இருக்கலாம் (உறையில் உள்ள அறிவுறுத்தலே முடிவானது). பனிக்கட்டியோடு நேரடியாகத் தொட விடாதீர்கள். உறைந்த இன்சுலினை உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது. பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வவுனியாவில் உணவுக்காக ஒரு மணி நேரம் நின்றால் பெட்டி என்னவாகும்?

பதில் – கிளிநொச்சி

ரிலே துண்டித்துவிடும், அதுவே நல்லது. முதல்நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியை நன்றாகக் குளிரவைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் நெருக்கமாக அடுக்கி, நிற்கும் நேரத்தில் கதவைத் திறக்காமல் வானை நிழலில் விட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். பற்றரியில் அது குளிரைக் காக்குமே தவிர, சூடானதைக் குளிராக்கப் பல மணி நேரம் எடுக்கும்.