செஞ்சி சித்தியும் எடை மெஷினும்
(எங்கள் ‘கிணற்றடி வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழு, 2024 நவம்பர், ஒரு ஞாயிறு காலை. செஞ்சி சித்தி காசநோய்க் களப்பணியாளர்.)

தாம்பரம் மாமா: படித்தீர்களா? சௌமியா சுவாமிநாதனை மத்திய அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்துக்கு முதன்மை ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள்.

பெரியம்மா: கொரோனா நேரத்தில் டிவியில் பேசுவாரே, அந்த அம்மாவா?

தாம்பரம் மாமா: அவரேதான் அக்கா. எம்.எஸ். சுவாமிநாதனின் மகள்.

பெங்களூரு அண்ணன்: 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார். டிஜிட்டல் ஹெல்த் பிரிவும் அவர் கையில்தான் இருந்தது. சரியான ஆள். இனி ஆப், ஏஐ எக்ஸ்ரே என்று பறக்கும் பாருங்கள்.

செஞ்சி சித்தி: என் போனில் ஏற்கெனவே ஏழு ஆப் பறக்கிறது. ஒரே ஆளின் பெயரை மூன்றில் அடிக்கிறேன்.

பெங்களூரு அண்ணன்: போன் பழசு சித்தி, மாற்றுங்கள்.

செஞ்சி சித்தி: போனை மாற்றினால் மலையடிவாரத்தில் டவர் வந்துவிடுமா?

பெங்களூரு அண்ணன்: 🙏 சரி, டி.பி. மாத்திரை சாப்பிட்டதைக் கண்காணிக்கிற அந்த 99 டாட்ஸ்? மாத்திரையைப் பிதுக்கினால்தான் அட்டையில் மறைந்திருக்கும் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் இன்று சாப்பிட்டார் என்று பதிவாகிவிடும். எப்பேர்ப்பட்ட யோசனை!

செஞ்சி சித்தி: யோசனையைக் குறை சொல்ல மாட்டேன்டா. மாத்திரைக்காகச் சும்மா சும்மா நடக்கிற கஷ்டம் மிச்சம். ஆனால் எனக்கு ஒரு வீடு ஞாபகம் வருகிறது. மிஸ்டு கால் ஒரு நாள் தவறாது. கொடுத்தது நோயாளியின் பெண், நாலாவது படிக்கிறாள். பிதுக்கு, நம்பரைப் பார், போன் அடி, இது அவள் வேலை. மாத்திரை எல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கிடந்தது. வயிற்றைப் புரட்டுகிறது என்று மனிதர் விழுங்கவேயில்லை. எனக்குக் காட்டிக்கொடுத்தது எடை மெஷின்தான். இரண்டு மாதம் கழித்து ஏற வேண்டிய எடை, 38-இல் இருந்து 37-க்கு இறங்கியிருந்தது.

பெரியம்மா: ஐயோ. அப்புறம்?

செஞ்சி சித்தி: சாப்பிட்ட பிறகு மாத்திரை, பக்கத்தில் அவர் மனைவி. பிழைத்துக்கொண்டார். இப்போது ஆடு மேய்க்கிறார்.

நான்: இப்போது முதல் நாளே எடை பார்க்கச் சொல்கிறார்களே சித்தி?

செஞ்சி சித்தி: ஆமாம், 2022-இல் இருந்து. காசநோய் இறப்பில்லாத் திட்டம். எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்கிறாரா. ஒரு தாளில் முடிந்துவிடும். மோசமாக இருந்தால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது, உடனே அட்மிஷன். டி.பி.யில் சாகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில்தான் போய்விடுகிறார்கள்.

தாம்பரம் மாமா: சௌமியா இயக்குநராக இருந்த சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் லேசுப்பட்டது இல்லை. சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், சேர்த்தால்தான் பிழைப்பான் என்றிருந்த காலத்தில், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கே காட்டியது அங்கேதான். எங்கள் பக்கத்து ஸ்டேஷன் பெயரே சானடோரியம். இறங்குகிற எவனுக்கு இது தெரியும்?

பெரியம்மா: சாப்பாட்டுக்கு ஏதோ பணம் தருவார்களே?

செஞ்சி சித்தி: மாதம் 500 இருந்தது, இப்போது 1,000 ஆக்கியிருக்கிறார்கள் அக்கா. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டுக்கே அரிசி பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

பெங்களூரு அண்ணன்: சரி சித்தி, ஆலோசகரை நேரில் பார்த்தால் என்ன கேட்பீர்கள்?

செஞ்சி சித்தி: ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆளுக்கு எடை இறங்கினால் ஆப் என்னைக் கூப்பிட வேண்டும். இப்போது நான்தான் அதைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் எடை மெஷினுக்கு பேட்டரி. போன மாதம் என் காசில் போட்டேன்.

தாம்பரம் மாமா: 🎤 குரல் பதிவு (0:41)

செஞ்சி சித்தி: அண்ணா, 41 வினாடியில் நாலு தடவை இருமுகிறீர்கள். எத்தனை நாளாக?

தாம்பரம் மாமா: தீபாவளிப் புகைம்மா. அலர்ஜி.

செஞ்சி சித்தி: தீபாவளி போய் மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வாரம் தாண்டினாலே சளி பரிசோதனை. எடை எவ்வளவு?

தாம்பரம் மாமா: போன வருடம் 71. இப்போது பார்க்கவில்லை. மெஷினில் பேட்டரி இல்லை.

பெரியம்மா: தம்பி!!

செஞ்சி சித்தி: அண்ணியிடம் பேசிவிட்டேன். நாளை காலை ஏழரைக்கு இரண்டு பேரும் கிளம்புகிறீர்கள்.