மொம்பாசா: ஜனவரி கடைசியா, பிப்ரவரி தொடக்கமா? வயதான பெற்றோரோடு போகிறோம்

கோவைப்பெண்_நைரோபி

வணக்கம். நாங்கள் நைரோபிக்குக் குடிவந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மா கோவையிலிருந்து வருகிறார்கள். அவர்களைக் கென்யாவின் கடற்கரை ஊரான மொம்பாசாவுக்குக் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு 63 வயது. கடல் என்றால் கன்னியாகுமரியில் கால் நனைத்ததோடு சரி. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு 67, மூட்டுவலி உண்டு. ஆனாலும் கோட்டை, பழைய கட்டடம் என்றால் வலியை மறந்து நடப்பார். மகனுக்குப் பத்து வயது.

கணவருக்கு 2026 ஜனவரி 24 முதல் 27 வரை லீவு கிடைக்கும், இல்லையென்றால் ஜனவரி 31 முதல் பிப்ரவரி 3 வரை. மழை இருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், கூடவே வெயிலைச் சொல்லிப் பயமுறுத்தவும் செய்கிறார்கள். எந்தத் தேதி நல்லது? ரயிலா, விமானமா? தங்குவதற்கு நியாலி, பம்புரி பக்கமா, தெற்கே டியானியா?

கிலிந்தினி_அண்ணாச்சி

தங்கச்சி, ஜனவரி 31-ஐ எடுங்க. வெயில் இரண்டு தேதியிலும் ஒன்றுதான். வித்தியாசம் கடலில் இருக்கு.

நான் தூத்துக்குடிக்காரன். மொம்பாசாவின் கிலிந்தினி துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலை, குடும்பத்தோடு மொம்பாசா தீவிலேயே குடியிருந்தேன். நம்ம ஊரில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. அதனால் கடற்கரைக்குப் போக யாரும் நேரம் பார்ப்பதில்லை. மொம்பாசாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது மூன்று மீட்டரைத் தாண்டும். காலையில் பவளத்திட்டு வரை தரை தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கு. அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நன்றாக வற்றுவது காலை பத்து, பதினொரு மணி வாக்கில். நிரம்புவது மாலை நாலு, ஐந்து மணிக்கு. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகும். பிப்ரவரி 1 தைப்பூசம், பௌர்ணமி. அப்படியென்றால் உங்க பையனுக்குக் காலையில் பாறைக்குழிகளில் நட்சத்திர மீன், நண்டு எல்லாம் பார்க்கக் கிடைக்கும். அம்மா சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, கரைவரை நிரம்பி நிற்கிற தண்ணீரில் இறங்கலாம். ஜனவரி 26 அரைநிலா. அந்த நாட்களில் கடல் அவ்வளவாக வற்றவும் செய்யாது, நிரம்பவும் செய்யாது. போதாததற்குத் தாழ்ந்த நேரம் சரியாகச் சாயங்காலத்தில் வந்து விழும்.

மழை பற்றி: நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கே ஜனவரி, பிப்ரவரியில் வீசுகிறது. கஸ்காசி என்பார்கள். நம்ம பக்கம் வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரத்தோடு வருகிறது. அங்கே அரேபியப் பக்கமிருந்து கரையை ஒட்டியே ஓடுவதால் மழையை இறக்காது. குஜராத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் பாய்மர மரக்கலங்கள் பல நூற்றாண்டுகளாக மொம்பாசாவுக்கு வந்தது இந்தக் காற்றில்தான். திரும்பிப் போனது தென்மேற்குக் காற்றில். ஓல்டு டவுனுக்குக் கீழே இருக்கும் பழைய துறையில் நின்றால் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்க, ரசிப்பார். பெருமழை ஏப்ரல், மே மாதங்களில். பிப்ரவரி மழையே இல்லாத மாதம் என்றே வைத்துக்கொள்ளலாம், கடலும் தெளிவாக இருக்கும்.

வெயில் 32, 33 டிகிரிதான். கோவை ஏப்ரலைவிடக் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. அங்கத்திக்காரர்கள் செய்வது போலவே செய்யுங்க: காலை பத்துக்குள் ஒரு சுற்று, மத்தியானம் முழுக்க நிழல், நாலரைக்கு மேல் மறுபடி.

ஃபோர்ட் ஜீசஸ் காலை எட்டுக்குத் திறக்கும். திறந்ததும் உள்ளே இருங்க. 1593-இல் தொடங்கி 1596-இல் போர்த்துகீசியர் கட்டியது, வரைந்தவர் இத்தாலியரான கைராட்டி. சுவர் முழுக்கப் பவளக்கல், பத்து மணிக்கு மேல் அனல் வீசும். அருங்காட்சியகத்தை விடாதீங்க. 1696 முதல் 1698 வரை ஓமானியர்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். அப்போது உதவிக்குக் கோவாவிலிருந்து வந்து, கோட்டைக்குக் கீழேயே 1697-இல் மூழ்கிய சான்டோ அன்டோனியோ கப்பலின் பொருட்கள் அங்கே இருக்கு. அந்தக் கப்பல் கட்டப்பட்டது மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம வசாயில்! முற்றுகையில் உள்ளே மாட்டிக்கொண்ட ஜனங்கள் நோயிலும் பசியிலும் செத்த இடம் அது. எனக்கு அங்கே போகும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

கடைசியாக ஒன்று, இதுதான் ரொம்ப அவசரம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுவதற்கு டாக்டரின் யோசனை கட்டாயம் வேண்டும். இரண்டு பேரும் இப்போதே பார்க்கட்டும். மொம்பாசா மலேரியா உள்ள ஊர், அதற்கான மாத்திரையையும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்க.

நியாலி_மதுரைக்காரி

அண்ணாச்சி சொன்ன தேதி சரி. ஆனால் காலை பதினொரு மணி வெயிலில் அப்பா அம்மாவைப் பவளத்திட்டில் நடக்க விடாதீங்க அக்கா. பையனும் அவன் அப்பாவும் போகட்டும். மூட்டுவலிக்காரர் வழுக்குப் பாறையில் கால் வைக்கவே கூடாது. போகிறவர்களுக்கும் அடி கனமான செருப்பு வேண்டும், கடல் முள்ளெலி முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். பெரியவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கு. நியாலி, பம்புரி கரையிலிருந்தே கடல் பூங்காவுக்குப் போகும். படகுக்காரர் போட்டோவுக்காக நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. அது பாவம்.

மத்தியானத்துக்கு பம்புரியில் ஹாலர் பார்க் போங்க. சிமென்ட் ஆலைக்காக வெட்டிப் பொட்டலாக விட்ட சுண்ணாம்புக்கல் குழி அது. ரெனே ஹாலர் என்பவர் 1970-களில் சவுக்குக் கன்று நட்டுக் காடாக்கினார். நம்ம கடற்கரைச் சவுக்கேதான். நிழலில் நடக்கலாம், ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் தீனி கொடுக்கலாம். 2004 சுனாமியில் தாயைப் பிரிந்த ஓவன் என்ற நீர்யானைக் குட்டி ஒரு கிழட்டு ஆமையோடு ஒட்டிக்கொண்டதே, அது இங்கே நடந்ததுதான்.

சாப்பாட்டுக்கு அம்மா கஷ்டப்பட மாட்டாங்க. குஜராத்திகள் தலைமுறைகளாக இருக்கிற ஊர். காலையில் மஹம்ரி என்கிற பொரித்த ரொட்டி, கூடவே தேங்காய்ப்பாலில் வேகவைத்த துவரை. நான் வீட்டிலேயே செய்கிறேன், அத்தனை பிடிக்கும். கடலை மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு புளிச் சட்னியோடு கிடைக்கும், கச்ரி பட்டேட்டா என்கிற உருளைக்கிழங்குப் பண்டமும் சைவம்தான். இறைச்சி பொரிக்கிற எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்க. சாயங்காலம் மாமா என்கினா டிரைவில் மரவள்ளி வறுவலில் எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் போட்டுத் தருவார்கள். பக்கத்திலேயே பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும், உங்க பையன் கிளம்பவே விடமாட்டான். மாம்பழக் காலமும் அதுதான்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீங்க. வறட்சி மாதங்களில் தீவில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும், நிறைய இடத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான் குழாயில் வரும். தங்கும் இடத்தில் தொட்டி இருக்கிறதா என்று முன்பே கேளுங்க. ஓல்டு டவுனில் சுடிதார், புடவை எதுவும் சரி, தோள் மூடியிருந்தால் போதும். டுக்டுக் (நம்ம ஆட்டோ) ஓட்டுபவரிடம் சுவாஹிலியில் நேரம் பேசினால் கவனம்: நம்ம நாழிகைக் கணக்கு போல விடியலிலிருந்து எண்ணுவார்கள், காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி.

கோவைப்பெண்_நைரோபி

அண்ணாச்சி, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. பிப்ரவரி தேதியே முடிவு. தடுப்பூசி விஷயம் அப்பாவுக்கு இன்று காலையே போனில் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறார்கள். ரயில் பற்றி யாரும் சொல்லவில்லையே? டியானியையும் விட மனசில்லை.

கிலிந்தினி_அண்ணாச்சி

போகும்போது ரயில், திரும்பும்போது விமானம். 2017-இல் தொடங்கிய மடராகா எக்ஸ்பிரஸில் காலை வண்டியைப் பிடிங்க. சாவோ காட்டின் நடுவே போகும், செம்மண் பூசிய யானைக்கூட்டம் ஜன்னலிலிருந்தே தெரியும். வறண்ட மாதத்தில் புல் காய்ந்திருப்பதால் இன்னும் நன்றாகத் தெரியும். எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளணும். சாமான் சோதனைக்கு நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்க. மொம்பாசா ஸ்டேஷன் தீவுக்கு வெளியே மிரிட்டினியில் இருக்கு, அங்கிருந்து டாக்சிதான்.

டியானிக்கு முன்பெல்லாம் தீவிலிருந்து தெற்குக் கரைக்குப் போகும் லிகோனி ஃபெரியில் கடந்தே ஆகணும். கூட்ட நேரத்தில் அந்த நெரிசல் வயதானவர்களுக்கு ஆகாது. இப்போது மிரிட்டினி பக்கமிருந்தே டோங்கோ குண்டு பைபாஸ் வழியாகத் தெற்குக் கரைக்குப் போய்விடலாம். ஆனாலும் நாலு நாளில் இரண்டு இடம் வேண்டாம், தங்கச்சி. டியானி மணல் அழகுதான், மறுக்கவில்லை. அப்பாவுக்குக் கோட்டை, அம்மாவுக்குக் குஜராத்திச் சாப்பாடு, பையனுக்கு ஹாலர் பார்க் என்று எல்லாம் இருப்பது இந்தப் பக்கம். நியாலியில் தங்குங்க. டியானியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்க. இந்தப் பயணத்தை மட்டும் பிப்ரவரி இரண்டாவது வாரத்தைத் தாண்டித் தள்ளிப்போடாதீங்க. 2026-இல் ரம்ஜான் நோன்பு பிப்ரவரி 18 வாக்கில் தொடங்குகிறது, பகலில் ஓல்டு டவுன் கடைகள் பல மூடியிருக்கும்.

பவளத்திட்டுக்குப் போகிறவர்கள் அன்றைய வற்று நேரத்தைப் பார்த்துவிட்டு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பட்டும். கடல் திரும்பியதும் இவர்களும் திரும்பணும். தண்ணீர் முன்னாலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் முதலில் நிரம்புவது முதுகுக்குப் பின்னால், கரைக்கும் திட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான். பையன் கையை விடவே கூடாது என்று உங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்க.