மண்புழுத் தொட்டிக்குள் நீங்கள் சந்தித்த விருந்தாளிகள்

மதுரை, மாடித்தோட்டம்:

மண்புழு உரம் தயாரிக்கத் தொடங்கும் பலர், ஒரு நாள் மூடியைத் திறந்ததும் வேறு ஏதோ நெளிவதைக் கண்டு தொட்டியையே கைவிட்டுவிடுகிறார்கள். அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அப்படி எதையாவது கண்டவர்கள் இங்கே எழுதுங்கள், புதியவர்களுக்குத் தைரியம் வரும்.

எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் முடிந்து, பூசணிக் குடலும் வாழைப்பழத் தோலும் மொத்தமாகத் தொட்டிக்குள் போயின. சில நாட்களில் மேற்பரப்பு முழுவதும் தட்டையான, வரிவரியான பழுப்பு நிறப் புழுக்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் சலசலவென்று சத்தம்கூடக் கேட்டது. "மருந்து அடித்துவிடலாமே" என்றார் அத்தை. வேண்டவே வேண்டாம் என்றேன். அடித்தால் மண்புழுக்கள்தான் முதலில் சாகும்.

வந்திருந்தவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். இந்த ஈ வீட்டு ஈயைப் போல நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. நுண்ணுயிர்கள் கழிவை மக்கவைத்து இளக்கிய பிறகுதான் மண்புழு அதை உண்ண முடியும். இவையோ பச்சைக் கழிவையே தின்று தீர்க்கும். ஆகவே இவை பெருகினால், மண்புழுக்களால் உண்ண முடிந்ததைவிட அதிகமாக, அதுவும் ஈரமாகப் போடுகிறோம் என்று பொருள். கூட்டமாகத் தின்னும்போது சூடும் உண்டாகும். மண்புழுக்கள் அடியில் போய்ப் பதுங்கியிருந்தன. மேல் அடுக்கை வாரி எடுத்துப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டோம். கழிவு போடுவதை நிறுத்திக் காய்ந்த சருகைத் தடிமனாகப் பரப்பினேன். மிஞ்சியவை முற்றிக் கறுத்துத் தாமாகவே வெளியேறிவிட்டன. இப்போது ஒரு மூலையில் கைப்பிடி அளவு புதைத்து, அது மறைந்த பிறகே அடுத்த மூலைக்குப் போகிறேன்.

தஞ்சாவூர்:

எங்களுக்கு எறும்பு. பங்குனி வெயிலில், தொட்டிக்குள் மண்புழுக்கள் வாழும் படுக்கையின் ஓரம் காய்ந்து போக, அங்கே புற்றே வைத்துவிட்டது. எறும்புப் பொடி எதையும் தூவவில்லை. அந்த இடத்தைக் கிளறிவிட்டு, நன்றாக நனைத்த கோணிச் சாக்கை மேலே போட்டேன். தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன். கொசு முட்டையிடாமல் அந்தத் தண்ணீரை வாரம் தவறாமல் மாற்ற வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் எறும்பு குடியிருக்க விரும்புவதில்லை.

சென்னை:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே புகுந்து, வடிகால் துளையும் அடைத்துக்கொண்டது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் முழுக்க மண்புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. மண்புழு தோலால் மூச்சு விடும் உயிர். தோல் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் காற்று கிடைக்காது. துளையைக் குத்திவிட்டுக் காய்ந்த தென்னை நார்க்கழிவைக் கலந்தேன். தொட்டிக்கு மேலே ஒரு பல்பையும் எரியவிட்டேன். வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது, எல்லாம் உள்ளே இறங்கிவிட்டன. நான் வளர்ப்பது யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க வகை. வேகமாக உண்ணும், ஆனால் இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து போய்விடும். மழைக்காலம் முழுவதும் அந்த விளக்கு அணைவதில்லை.

கோயம்புத்தூர்:

நூல் போன்ற வெள்ளைப் புழுக்களைக் குட்டி மண்புழுக்கள் என்று பலர் மகிழ்கிறார்கள். அவை வேறு இனம், கெடுதல் செய்யாது. ஆனால் அளவுக்கு மீறிப் பெருகினால் படுக்கை புளித்திருக்கலாம். முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுங்கள், எலுமிச்சைத் தோலை நிறுத்துங்கள். உண்மையான குஞ்சின் உடலுக்குள் சிவப்பு இரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும்.

தயவுசெய்து இதையும் கவனியுங்கள். உரத்தைச் சலிக்கும்போது சிறிய எலுமிச்சம்பழ வடிவில், வெளிர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ உருண்டைகள் கிடைக்கும். விதை என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவை முட்டைக்கூடுகள். ஐசீனியா என்ற மண்புழு வகையில் ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் இரண்டு மூன்று குஞ்சுகள்கூட வெளிவரும். சல்லடையில் தங்கும் கப்பியை அப்படியே புதிய படுக்கையில் கொட்டுங்கள். காசு கொடுத்து மறுபடி புழு வாங்கத் தேவையே இல்லை.